அத்தாயி வீட்டு மிச்சம்

அவரை காய்க்கும் மாதங்களில் அத்தாயி கூடையோடு வருவது தெரிந்தால் கொல்லிமலையின் குண்டூர் நாட்டுப் பெண்கள் மெல்ல வீட்டுக்குள் நழுவிவிடுவார்கள். பயன் இருக்காது. அவள் வாசலிலேயே நின்று குரல் கொடுப்பாள்.

"ஏனுங்க பொன்னம்மா, உள்ளதான இருக்கறீங்க? எங்கூட்டுல அவரை கெடந்து முத்துதுங்க. நீங்கதான் கொஞ்சம் காப்பாத்தி உடோணும்."

கொடுக்க வந்தவள் கேட்க வந்தவளைப்போலக் குழைந்து நின்றால் யாரால் மறுக்க முடியும்? பொன்னம்மாள் சிரித்துக்கொண்டே முறத்தை நீட்டுவாள். "நேத்தும் இப்படித்தானுங்க காப்பாத்துனேன்!"

கொல்லிமலைக்குச் சாலை வராத காலம் அது. காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஏறினால் ஒரு பகல் போய்விடும். மிளகும் தேனும் கீழே இறங்கும், உப்பும் துணியும் மேலே ஏறும். வீட்டுக்கு வீடு காய்க்கிற பரங்கியை, அவர்கள் பேச்சில் அரசாணிக்காயை, தலையில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. தோட்டத்தில் மிஞ்சியது மலையிலேயே தீர்ந்தாக வேண்டும்.

மிஞ்சியதை வீணாக்குவது அத்தாயிக்கு உடம்புக்கே ஆகாது. முற்றிய அவரையை உரித்துப் பாறையில் காயவைப்பாள். காம்போடு அறுத்த அரசாணிக்காய்கள் அட்டாலிப் பரணில் ஒன்றையொன்று தொடாமல் உட்கார்ந்திருக்கும். அவற்றை அவ்வப்போது தட்டிப் பார்த்து, ஓசை மாறியதை முதலில் இறக்குவாள். அணில் கடித்த கொய்யாவில் கடித்த பக்கத்தை ஆட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு, மீதியை வழியில் போகிற பிள்ளைகளின் கையில் திணிப்பாள். "அணிலு கடிச்சதுன்னா இனிப்புன்னு அர்த்தம் சாமி. அது நம்மளுக்கு முன்னால ருசி பாத்திருக்குது."

இரண்டே பேர் இருந்த வீட்டுக்கு அவ்வளவு பெரிய தோட்டம் எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அது இரண்டு பேருக்காகப் போட்ட தோட்டமில்லை. அத்தாயியின் புருஷன் செங்கோடனும் அவன் தம்பி சின்னுசாமியும் ஒரே உலையில் சோறு தின்ற நாளில் போட்டது. தம்பி பெண்டாட்டி கண்ணாயியும் அத்தாயியும் சேர்ந்து குழி வெட்டுவார்கள். ஒருத்தி வெட்ட, மற்றவள் விதை ஊன்றி மண்ணைத் தள்ளுவாள். அத்தாயிக்குப் பிள்ளை இல்லை. கண்ணாயி பெற்ற பிள்ளைகள் மூவரும் பெரியம்மா மடியில்தான் தூங்குவார்கள்.

பாகம் பிரித்தபோது எல்லாம் சுமுகமாகவே முடிந்தது, ஒரு பலாமரம் தவிர. அது எல்லையில் நின்றது. அடியிலிருந்து நுனிவரை காய்க்கிற மரம். அண்ணன் தம்பி இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் மூத்தவன் பக்கம் பேசினார்கள். கண்ணாயி அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து நின்றாள்.

"வெச்சுக்குங்க. அந்த மரத்துப் பழம் இனி எம்பட நாக்குலயும் படாது, எம்பட புள்ளைங்க நாக்குலயும் படாது."

அத்தாயி வாயைத் திறக்கவில்லை. விட்டுக்கொடுங்கள் என்று புருஷனிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்பது, கண்ணாயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடை தாண்டி அந்தக் கரைக்குக் குடிபோன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த ஆடியிலும் அத்தாயி பழையபடி எல்லாக் குழியும் வெட்டினாள். செங்கோடன் பார்த்துக்கொண்டே நின்றான். "ஏ புள்ள, ரெண்டு வாய்க்கு எதுக்கு இத்தன குழி?"

"கை பழகிருச்சுங்க," என்றாள்.

பலாப் பருவத்தில் ஊரே பழத்தில் மிதக்கும். தின்று சலித்து, மாட்டுக்கும் போட்டுச் சலித்துப்போகும். அத்தாயி வீடு வீடாகப் போய்க் கொட்டைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருவாள். செம்மண்ணைச் சேறாகக் குழைத்து, கொட்டைகளை அதில் புரட்டி, நிழலில் உலர்த்திப் பானைகளில் அடைத்து வாய்கட்டி வைப்பாள். "கொட்டைக்குக் கோயில் கட்டறாளுங்க அத்தாயி," என்று பொன்னம்மாள் கேலி செய்வாள். அத்தாயியும் சேர்ந்து சிரிப்பாள்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் மழை பொய்த்தது. சாமை கதிர் வாங்கும் முன்பே கருகிற்று. கீழ்நாட்டிலும் அரிசிக்குத் தட்டுப்பாடு. சந்தைக்கு இறங்கியவர்கள் வெறுங்கூடையோடு ஏறி வந்தார்கள். அத்தாயி பானைகளின் கட்டை அவிழ்த்தாள். மண்ணைத் தட்டி உடைத்தால் உள்ளே கொட்டை வாடாமல் இருந்தது. சுட்டும் அவித்தும் அவரைப் பருப்போடு கலந்தும் ஊர் தின்றது. பொன்னம்மாள் கேலியை விட்டுவிட்டு, மண் உடைக்க வந்து உட்கார்ந்தாள்.

தோட்டத்தில் நின்றால் ஓடைக்கு அந்தக் கரையில் கண்ணாயி வீட்டுக் கூரை தெரியும். காலையில் புல்வேய்ந்த அந்தக் கூரையின்மேல் அடுப்புப் புகை படரும். அத்தாயி யாருக்கும் தெரியாமல் தினமும் அதைப் பார்ப்பாள். பஞ்சத்தில் புகை எழும் நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று. ஒருநாள் உச்சிவெயில் வந்தும் எழவில்லை.

அத்தாயி இருப்பதிலேயே பெரிய கூடையை எடுத்துக் கொட்டைகளை நிரப்பினாள். மேலே ஒரு அரசாணிக்காயையும் வைத்தாள்.

"அவ வாங்கமாட்டா புள்ள," என்றான் செங்கோடன். "அவமானப்பட்டுட்டுத்தான் திரும்புவ."

"எனக்கு என்னுங்க அவமானம்? கொட்டை கெட்டுப்போகுதுங்க."

மண் பூசிய கொட்டை அத்தனை சீக்கிரம் கெடாது. அது இருவருக்குமே தெரியும். அவன் சுமையைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டான்.

கண்ணாயி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தோட்டத்துக் கீரையில்லை, ஓடைக்கரையில் தானாக முளைத்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கதவோரம் பிள்ளைகள் மூன்று தலைகளாகத் தெரிந்தார்கள். சின்னவள் "பெரிம்மா" என்று வாயெடுத்து, அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பழம் எங்களுக்கு வேண்டாம்," என்றாள் கண்ணாயி, கீரையைப் பார்த்தபடியே.

"பழமில்ல கண்ணு. கொட்டை. கொட்டையப்பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே."

கண்ணாயி கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். அத்தாயி நின்றாள். அவ்வளவு கனத்தைத் தலையிலிருந்து தனியாளாக இறக்க முடியாது. கழுத்து நடுங்கத் தொடங்கியது. சுமையோடு நிற்பவர் பகையாளியே ஆனாலும் கை கொடுப்பதுதான் அந்த மலையின் வழக்கம்.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்த பேசியிருக்கோணும்," என்றாள் அத்தாயி. "பேசல. தப்புதான்."

கண்ணாயியின் மடியிலிருந்து கீரை சரிந்தது. எழுந்து வந்து கூடையின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். சுமை இறங்கும்போது இரண்டு முகமும் அருகில் வந்தன. "எதுக்குக்கா இவ்வளவு கனத்தத் தூக்கிட்டு வந்த?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் அந்தக் கூரையில் புகை படர்ந்தது. அடுத்த மழைவரை பானைகள் இரண்டு கரைக்கும் போதுமானதாக இருந்தன. அண்ணன் தம்பி பேசிக்கொள்ள இன்னும் கொஞ்சம் காலம் பிடித்தது. பெண்கள் காத்திருக்கவில்லை. ஆடி பிறந்ததும் கண்ணாயி மண்வெட்டியோடு ஓடை தாண்டி வந்தாள்.

ஆனால் சொன்ன சொல்லைக் கண்ணாயி விடவில்லை. பிள்ளைகள் பெரியம்மா வீட்டில் அந்த மரத்துப் பழத்தை வாய் வழியத் தின்றார்கள், அவள் காணாதவள்போல இருந்தாள். தான் மட்டும் ஒரு சுளையும் தொடவில்லை. அத்தாயியும் வற்புறுத்தவில்லை. பலா அறுக்கிற நாட்களில் கண்ணாயி கொட்டாங்கச்சியில் விளக்கெண்ணெயோடு வந்து சேர்வாள். பழமெல்லாம் அறுத்து முடித்த அத்தாயியின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் தொட்டு, விரல் விரலாகப் பால் பிசினைத் தேய்த்து எடுப்பாள்.