நாலாவது வரிசை மின்விசிறி

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து, ஆலயப் பக்கமே போகாமல் நின்றுபோனவர்கள் உண்டு. வீடு வாசல் இழந்து நின்றுபோனவர்களும் உண்டு. ஞானசிகாமணி நின்றது ஒரு மின்விசிறிக்காக.

நெய்வேலி நகரியத்தில் அவருக்கு என்ன குறை? நிலக்கரிக் கிடங்கில் பர்மனென்ட் உத்தியோகம், முருங்கை மரம் வைத்த குவார்ட்டர்ஸ், எப்சிபா என்ற பொறுமைசாலி மனைவி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலயத்தில் ஆண்கள் பக்கம் நாலாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடம். அதை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் இரண்டாம் பாட்டு பாடும்போது அவர் நுழைவார். அந்த இடம் காலியாக இருக்கும். காற்று அவர் தலைமுடியைக் கோதிவிடும். அதற்குப் பிறகுதான் ஆராதனை தொடங்கியதாக அவருக்குத் தோன்றும்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் அன்புச்செல்வன் உட்கார்ந்திருந்தான். அதே கிடங்கில் கான்ட்ராக்ட் ஆள். வாரத்தில் ஆறு நாளும் அவரைப் பார்த்தால் எழுந்து நின்று 'சார்' என்பவன். அன்றைக்குச் சிரித்த முகத்தோடு கொஞ்சம் நகர்ந்துகொண்டு சொன்னான்:

"உக்காருங்கண்ணே, எடம் இருக்கு."

அண்ணே!

ஞானசிகாமணியின் நெஞ்சில் அந்தச் சொல் ஈட்டியாக இறங்கியது. ஆலயத்தில் எல்லாரும் சகோதரர்கள் என்று ஆயர் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் முதலில் தலையாட்டுகிறவர் அவர்தான். ஆனால் பர்மனென்ட்டுக்கும் கான்ட்ராக்ட்டுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தைப் பார்த்தால் சுரங்கமே வெட்கப்படும். வேதாகமத்தைப் பட்டென்று மூடினார். நடுப்பாட்டில் வெளியேறினார். வாசலில் நின்று, "இனி இந்தப் படியை மிதிச்சா என் பேரு ஞானசிகாமணி இல்ல!" என்று சபதம் செய்தார். செருப்பு விடும் இடத்தில் படுத்திருந்த நாய் மட்டும் அதைக் கேட்டது.

அதுமுதல் ஆராதனை வீட்டில், கைப்பேசியில். ஒரு வாரம் கோயம்புத்தூர் போதகர், ஒரு வாரம் கனடா போதகர். சொந்த மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நீளமான ஜெபங்களை விரலால் தள்ளிவிட்டுக் கேட்பார். கனடாவில் அப்பமும் திராட்சரசமும் திருவிருந்தாகக் கொடுத்த நாளில் இவர் மேரி பிஸ்கட்டும் திராட்சை ஸ்குவாஷும் எடுத்துக்கொண்டார். ருசி பிடித்துப்போய் இரண்டாம் முறையும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று. ஞாயிறுதோறும் குளித்து, சவரம் செய்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். யாராவது கெஞ்சிக் கூப்பிட வந்தால் லுங்கியோடா நிற்பது?

ஒருமுறை ஆயர் வந்தார். டீ குடித்துவிட்டுப் பக்குவமாகச் சொன்னார்: "அடுப்புல இருந்து ஒரு கங்கு மட்டும் தனியா எடுத்து வெச்சா அணைஞ்சிடும். சேந்து இருந்தாத்தான் எரியும்."

ஞானசிகாமணி இதற்காகவே காத்திருந்தவர்போலச் சிரித்தார். "கரியைப் பத்தி எங்கிட்டயா ஐயா? எங்க யார்டுல கரியைக் குவிச்சி வெச்சா தானாவே பத்திக்கும். ராவும் பகலும் தண்ணி அடிச்சிக்கினே இருக்கணும். உங்க சபையும் அதான். நாலு பேரு சேந்தா கமிட்டி, கமிட்டி சேந்தா சண்டை!"

ஆயர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை. வென்றவர் வாராவாரம் வெள்ளைச் சட்டையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்சிபா புருஷனுக்காகத் தானும் நின்றுவிட்டாள். பாட்டுச் சத்தம் இல்லாத ஞாயிறுகளில் அரிசி களைந்தாள், கீரை ஆய்ந்தாள், பெருமூச்சு விட்டாள். அப்புறம் ஒருநாள் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது.

திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். சனிக்கிழமை மாலை அவள் கேட்டாள்: "என்னங்க, நாளைக்கு ஒருநாள் கோயிலுக்குப் போயிட்டு வருவமா? எல்லாரும் தலையில கை வெச்சி ஜெபம் பண்ணாத் தேவலாம்னு இருக்கு."

"எதுக்கு? கனடாவுக்கே ஜெபக் குறிப்பு அனுப்பிட்டேன். பாரு, ஆமென் எப்டிக் குவியுதுன்னு!"

அவள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். கூப்பிய கைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒருவர் 'சகோதரர் எப்சிபாவுக்காக ஜெபிக்கிறோம்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

எப்சிபா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கண்ணில் நீர் இல்லை. இருந்திருந்தால் ஞானசிகாமணிக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க. நான் போறேன்."

"என் சபதம் என்னாவறது?"

"உங்க சபதத்தை வெச்சி என் கட்டியை அறுக்க முடியுமா?" என்றாள் அவள். "குவிச்சி வெச்ச கரி பத்திக்கும்னு ஐயாகிட்ட ஜம்பமாச் சொன்னீங்களே. தனியாக் கெடக்கற கரி என்னாவும்னு ஏன் சொல்லல? காஞ்சி, வெடிச்சி, கைல எடுத்தாப் பொடியாப் பூடும்னு நீங்கதானே எங்கிட்டச் சொல்லியிருக்கீங்க? எனக்குப் பயமா இருக்குங்க. கூட நாலு பேரு வேணும்."

படியிறங்கி நடந்தாள். ஞானசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டினார். நெட்வொர்க் இல்லை; கனடாவின் முகத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியே எப்சிபா தெரிந்தாள். ஒரு கையில் வேதாகமம், இன்னொரு கை மார்பில், வெயிலில் மெல்ல மெல்லப் பஸ் ஸ்டாப்பை நோக்கி.

எத்தனை நாள்தான் ஒரு மனிதன் தேய்த்த சட்டையை வீணாக்குவான்? ஸ்கூட்டரை எடுத்தார்.

இரண்டாம் பாட்டில் இருவரும் நுழைந்தார்கள். ஆலயம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாலாவது வரிசையில் அதே அன்புச்செல்வன். கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

"உக்காருங்கண்ணே, எடம் இருக்கு."

ஞானசிகாமணி அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கையில் ஒட்டடை.

"என்னாச்சு இதுக்கு?"

"நீங்க போன மறுவாரமே பூட்ச்சிண்ணே. கமிட்டியில கேட்டு சண்டை போட ஆள் இல்ல. அப்டியே கெடக்குது."

இத்தனை மாதமும் ஓடாத மின்விசிறியோடு கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமா என்று நினைத்தபோது அவருக்கு வியர்த்தது. வெயிலாலும் வியர்த்தது.

ஜெப வேளையில், பெண்கள் ஐக்கியத் தலைவி சாமியம்மாள் எப்சிபாவை முன்னால் அழைத்துப்போய், எந்த இடத்தில் கட்டி என்பது உட்பட சகலத்தையும் உரக்க அறிவித்தாள். ஒருத்தி, "எங்க சின்னம்மாவும் இதுலதான் போனாங்க" என்று ஆறுதல் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் அவளை நறுக்கென்று கிள்ளினாள். யார் சோறு கொண்டுவருவது, யார் குழம்பு கொண்டுவருவது என்று ஜெபத்துக்கு நடுவிலேயே ஒரு சண்டை. இவர்களா பரிசுத்தவான்கள்! ஆனால் அத்தனை கைகளும் எப்சிபாவின் தலையிலும் தோளிலும் இருந்தன. கரண்டி பிடித்த கை, துடைப்பம் பிடித்த கை, ஊசி போடும் கை. அவற்றுக்குக் கீழே எப்சிபா குழந்தையைப்போலத் தேம்பி அழுதாள். வீட்டில் ஒரு சொட்டுக்கூட விடாதவள்.

அன்புச்செல்வன் ஞானசிகாமணியின் பக்கம் குனிந்து சொன்னான்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வரேண்ணே. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்துர்றேன்."

"நீ எதுக்கு... தூங்க வேணாமா?"

"தூக்கம் எங்க போவுது?"

அவர் "தள்ளி உக்காரு தம்பி, வேர்க்குது" என்றார். பிறகு அடுத்த பாட்டைச் சுருதி தப்பி, எல்லாரையும் முந்திக்கொண்டு பாடினார். பாடகர் குழு நொந்துபோனது.

திங்கட்கிழமை ஆபரேஷன் அறைக்கு வெளியே டிபன் கேரியர்கள் நிறைந்துவிட்டன. சாமியம்மாளின் ஜெபச் சத்தம் தாங்காமல் நர்ஸ் இரண்டு முறை வந்து விரட்டினாள். ஞானசிகாமணியின் கைப்பேசி சிணுங்கியது. கனடாவிலிருந்து யாரோ ஆமென் அனுப்பியிருந்தார்கள். எடுத்துப் பார்க்க வழியில்லை. இரவெல்லாம் கண்விழித்த அன்புச்செல்வன், அவருடைய பர்மனென்ட் தோளில் தலைசாய்த்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டையில் எச்சில் இறங்கிக்கொண்டிருந்தது.

மூடிய கதவையே பார்த்தபடி, அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.