என் தம்பி கண்டுபிடித்த வாடிக்கையாளர்

என் தம்பியை எங்கள் வீட்டில் நிபுணர் என்றுதான் சொல்வோம். பட்டம் அப்பா கொடுத்தது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு, முதலில் வந்தவன் எப்படித் தப்பாக ஓடினான் என்று சாப்பாடு முடியும்வரை விளக்கியவன் அவன். அன்றைக்கு வைத்த பெயர் நாற்பது வயதிலும் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இன்சூரன்ஸ் விற்றான், தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்றான், கொஞ்ச நாள் வீட்டுமனை விற்றான். எங்கேயும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலாளிக்கு மூளை போதாது என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பான். ஆடத் தெரியாதவளுக்கு எப்போதும் கூடம்தானே கோணல். கடைசியில் ஏதோ ஒரு ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனான். வியாபாரம் என்றால் என்ன என்று அங்கே கரைத்துக் குடித்துவிட்டானாம். கொடுத்த சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, எங்கள் கடைச் சுவரில் கொண்டுவந்து மாட்டினான்.

எங்களுடையது மெத்தைக் கடை. முன்னால் விற்பனை, பின்னால் தைக்கிற அறை. அந்த அறையில் பறக்கிற பஞ்சைச் சுவாசித்து இருமி இருமி என் வீட்டுக்காரர் உருவாக்கிய கடை. லாட்ஜுகள், ஆஸ்பத்திரி, புதுக் குடித்தனக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பெண்கள் விடுதி நடத்துகிற அம்மா ஒருத்தி இருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போவாள். அந்த ஒரு ஆர்டரில் எங்கள் வருஷம் ஓடிவிடும்.

நிபுணர் கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, இங்க வர்றவங்க யாருமே உங்க வாடிக்கையாளர் இல்ல" என்றான்.

அப்போதே விளக்குமாற்றை எடுத்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மைத்துனன் சொன்னால் தலையாட்டுகிற மனிதர், ஆட்டினார். பலகையில் படம் போட்டான் தம்பி. எங்களுக்கு வேண்டிய ஆளுக்கு வயது நாற்பது. கார் இருக்கிறது. முதுகுவலி இருக்கிறது. தூக்கம் வராமல் ஃபோனைத் தடவிக்கொண்டு கிடப்பார். விலையைப் பார்க்கவே மாட்டார், தரத்தைத்தான் பார்ப்பார். இப்படிப்பட்டவர்களின் நம்பர்களை எங்கிருந்தோ வாங்கினான். தினமும் காலை பதினோரு மணிக்கு அவர்கள் டீ குடித்துக்கொண்டே ஃபோன் பார்ப்பார்களாம், அந்த நேரத்துக்கு மெசேஜ் போகும்படி ஏற்பாடு செய்தான். சரியாகப் போகிறதா என்று பார்க்கத் தன் நம்பரையும் அதில் சேர்த்துக்கொண்டான். பஞ்சு மெத்தைகளை ஓரம்கட்டிவிட்டு, கடன் சொல்லி ஸ்பிரிங் மெத்தைகளை இறக்கினோம்.

மெசேஜ் பார்த்துவிட்டு ஒரே ஒருவர் வந்தார். புது மெத்தையில் படுத்துப் பார்க்கிறேன் என்றார், அரை மணி நேரம் குறட்டை விட்டார், எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நம்ம ஆளு இவர்தான் என்று தம்பிக்கு ஒரே பூரிப்பு.

விடுதி அம்மா வந்த அன்று நான் கடையில் இல்லை. வீட்டுக்காரர் பின்னால் தைத்துக்கொண்டிருந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த நிபுணர், அந்த மாதிரி மலிவுச் சரக்கெல்லாம் இப்போது செய்வதில்லை, நீங்கள் நாங்கள் தேடுகிற ஆள் இல்லை என்று அந்த அம்மாளிடம் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பியிருக்கிறான். விஷயம் தெரிந்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே விடுதிக்கு ஓடினார். அதற்குள் அவள் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டாள்.

"உங்க கடையில எனக்கு இடமில்லன்னு உங்க மச்சானே சொல்லிட்டாரே, நான் என்ன பண்ணட்டும்?" என்றாளாம். கோபப்படக்கூட இல்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவர் அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

அப்புறம் நாங்கள் எழுந்திருக்கவே இல்லை. கடையைக் காலி செய்வது என்று முடிவானதும், அதைத் தம்பியிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வரலாம் என்று அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது, ஃபோனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். கால்மாட்டில் உட்கார்ந்தேன். மெத்தைக்காரன் பொண்டாட்டிக்குக் கை வைத்தாலே தெரியாதா? புதுசு. விரிப்பைத் தூக்கினேன். மூலையில் சிவப்புத் துணிச் சீட்டு. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடை.

எப்போது வாங்கினாய் என்று கேட்டேன்.

"போன மாசம்க்கா. இப்ப சேர்ந்திருக்கிற ஆபீஸுக்குப் போற வழியில இருந்துச்சு. கொஞ்சம் குறைச்சும் கொடுத்தான். ரெண்டு பேரு மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்து போட்டுட்டுப் போனாங்க."

கொஞ்சமும் கூசாமல் சொன்னான். சிரிப்பதா, அவனை உருட்டித் தரையில் தள்ளுவதா என்று தெரியவில்லை எனக்கு.

"வயசு நாப்பது. கார் இருக்கு. முதுகுவலி இருக்கு. ராத்திரியெல்லாம் ஃபோனும் கையுமா கிடக்கிற. நீ பலகையில போட்ட ஆளு நீதான்டா. நம்ம கடை மெசேஜ் அத்தனையும் வாங்கிட்டு, பாலம் தாண்டிப் போய் மெத்தை வாங்கியிருக்க."

"அது வேறக்கா" என்றான். "நான் விலை பார்த்து வாங்குறவன்."

இதுக்கு மேல் இவனிடம் என்ன பேச? மாதக் கடைசியில் கடையைக் காலி செய்கிறோம், மாமா வேறொருவர் பட்டறையில் கூலிக்குத் தைக்கப் போகிறார் என்று சொன்னேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

நெஞ்சின்மேல் இருந்த ஃபோன் சத்தம் கொடுத்தது. மணி பதினொன்று. குனிந்து பார்த்தேன், எங்கள் கடைப் பெயர், கீழே ஒரு மெத்தைப் படம். கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் கட்டைவிரலால் அதைத் தள்ளிவிட்டான்.

"எவனாவது எதையாவது அனுப்பிக்கிட்டே இருப்பான்க்கா" என்றான்.