உப்புத் தார்ப்பாய்

மூன்று வாரம் நான் என் நண்பனோடு பேசாமல் இருந்தேன். காரணம், ஒரு காரின் கூரை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். கார் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். என்ன கார், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் துரு ஏறியிருக்கிறது என்று கேட்பார்கள்.

நான் அரசுப் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஆறு நாள் பேருந்து ஓட்டிவிட்டு, ஏழாம் நாளும் கால் நீட்டிப் படுக்காமல் என்னுடைய பழைய அம்பாசிடரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். "சமையல்காரரு லீவு நாள்ல பக்கத்து வீட்டுக்குப் போய் சமைக்கிற கதையா இருக்குது" என்பாள் என் மனைவி. அவளுக்குக் கார்மேல் கோபமில்லை. அதற்கு நான் வாங்கிக் குவிக்கும் பாலிஷ் டப்பாக்கள்மேல்தான் கோபம்.

கார் கிரீம் நிறம். கியர் தரையில் இல்லாமல் ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும். ஹேண்டில் கியர் என்று சொல்வோம். முன்னால் ஒரே நீளமான சீட். மூன்றாவது ஆள் முட்டியை ஒதுக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஏசி கிடையாது. ஆனால் கதவோரம் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதைத் திருப்பி வைத்தால் கடற்காற்று நேராக முகத்தில் வந்து அடிக்கும். அந்தக் காற்றுக்கு முன்னால் எந்த ஏசியும் நிற்காது என்பது என் கட்சி.

எதிர்க்கட்சி என் நண்பன். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். அவனுக்குப் புதுக் கார்தான் கார், மற்றதெல்லாம் காயலாங்கடைச் சரக்கு. போன வருடம் வெள்ளையில் உயரமான வண்டி ஒன்று வாங்கினான். உள்ளே டிவி மாதிரி ஒரு திரை, மேலே திறந்து மூடும் கண்ணாடிக் கூரை. "மரக்காணம் வெயிலுக்குக் கூரையத் தொறந்து வெச்சு யாரடா வறுக்கப் போற?" என்று கேட்டேன். "உன் டப்பாவுல கதவ மூடுனாலே வறுபடறோம்டா" என்றான்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு டீக்கடையில் கூடுவோம். நாங்கள் இரண்டு பேர், கூட ஒரு சிஸ்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். இருபது வருடம் ஓடிய சின்னச் சிவப்பு மாருதி வைத்திருக்கிறார். வண்டி வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே எந்த பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் சண்டைக்கு அவர்தான் நடுவர். பழசா புதுசா, டீசலா கரண்டா, மைலேஜ் பொய்யா மெய்யா என்று ஒரு ரவுண்டு ஓடும். நடுவே பிள்ளைகள் படிப்பு, முட்டிவலி, மாமியார் எல்லாம் வந்து போகும். பிறகு மூன்று வண்டியும் வரிசையாகப் பெருமுக்கல் வரை போய்த் திரும்பும். இதற்கு எந்த உபயோகமும் கிடையாது. அந்த வாரத்தை நான் அதற்காகத்தான் ஓட்டுவேன்.

எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. உப்பளத்துப் பக்கம் போய் வந்த வண்டியை நல்ல தண்ணீரில் கழுவாமல் வீட்டில் நிறுத்தக் கூடாது. இங்கே உப்பு காற்றிலேயே வரும், தகரத்தில் சின்ன இடுக்கு கிடைத்தால் போதும், உட்கார்ந்துகொள்ளும். போர் தண்ணீரும் கரிக்கிற ஊர் என்பதால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில்தான் கழுவுவோம். காருக்குக் கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் என்று ஊரில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கார்த்திகையில் புயல் வந்தது. நான் சென்னையில் மாட்டிக்கொண்டேன், பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். மனைவி திருவண்ணாமலையில் மகள் வீட்டில் இருந்தாள். வீட்டில் கார் மட்டும் தனியாக, நாலு கழிமேல் போட்ட தகரக் கொட்டகைக்குள். பதறிப்போய் நண்பனுக்கு போன் போட்டேன்.

"டேய், கொட்டாய் தாங்குமாடா?"

"உன் டப்பாவுக்கு என்னடா? கடல்ல போட்டாலும் மெதக்கும். கம்முனு படு" என்றான். லைன் அறுந்துவிட்டது.

மூன்றாம் நாள் வந்து பார்த்தால் கொட்டகையின் தகரம் பக்கத்துக் கொல்லையில் கிடந்தது. கழிகள் நாலும் சாய்ந்திருந்தன. கார் மட்டும் ஒரு பெரிய கறுப்புத் தார்ப்பாய்க்குள் சுருட்டிக் கட்டப்பட்டு, அசையாமல் நின்றது. முடிச்சுகளைப் பார்த்ததுமே அவன் கை என்று தெரிந்துவிட்டது. அந்தக் காற்றில் தனி ஆளாக எப்படிக் கட்டினான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. போன் செய்து, "முழுசா இருக்குதுடா" என்றேன். "சரி சரி, போய் தூங்கு" என்று வைத்துவிட்டான்.

அதோடு நான் அந்த முடிச்சைப் பிரித்திருக்க வேண்டும். பிரிக்கவில்லை. புயலுக்குப் பிறகு தொடர்ந்து டூட்டி, ஞாயிறுகூட லீவு இல்லை. இவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறதே, கொட்டகை போடும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் ஓடிவிட்டது.

மார்கழியில் ஒரு ஞாயிறு விடியலில் தார்ப்பாயை உருவினேன். கிரீம் நிறக் கூரை முழுக்கக் கொப்புளம். விரலால் தொட்டால் பெயிண்ட் செதில் செதிலாக வந்தது. அடியில் செங்கல் நிறத்தில் துரு. தார்ப்பாயின் உட்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. உப்புமேல் போட்டிருந்த தார்ப்பாய். மழையில் நனைந்த உப்பும் மார்கழிப் பனியும் சேர்ந்து என் காரை ஒரு மாதம் ஊறப்போட்டிருந்தன.

டீக்கடைக்கு அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். டீ கிளாஸை வாயில் வைக்கக்கூட அவனை விடவில்லை.

"கேன் தண்ணியில வண்டி கழுவுறவன்தானே நீ? உப்புத் தார்ப்பாய எவனாவது காருமேல போடுவானாடா? இத டப்பா டப்பான்னு சொல்லிக்கினே இருந்த, நெஜமாவே டப்பா ஆக்கிட்ட!"

சாலையில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து வந்து கூரையைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது. "தெரியாம பண்ணிட்டேம்பா" என்று மட்டும் சொன்னான். அவன் பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று வீம்பாக இருந்தேன். டிங்கரிங் வேலைக்காரரிடம் காட்டினேன். கூரையை வெட்டி ஒட்டுப் போட்டு, பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை. பெருமுக்கல் வரை சிஸ்டரும் நானும் போய் வந்தோம். வாய்க்கு வாய் பதில் சொல்ல ஆள் இல்லாமல் ரோடே நீளமாகத் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு சிஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"அண்ணே, அந்தத் தார்ப்பாய் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சீங்களா?"

"உப்பளத்துல பழசு ஏதாவது கெடந்திருக்கும்."

"கெடக்கலீங்க. உப்பு அம்பாரத்து மேல இருந்தது. வெலை ஏறட்டும்னு விக்காம வெச்சிருந்தாரே, அந்த உப்பு. நேத்து அங்க ஒருத்தருக்குக் கால் புண்ணுக்குக் கட்டுப் போடப் போனேன். வேலை செய்றவங்கதான் சொன்னாங்க. புயல் அன்னைக்கு ட்ராக்டர் எடுத்துக்கினு வந்து, அம்பாரத்து மேல இருந்தத உருவிக்கினு போனாராம். வேணாங்க வேணாங்கன்னு கத்தினாங்களாம்."

புயலில் நிறையப் பேருடைய உப்பு கரைந்தது. அவனுடையதும் போயிற்று என்று கேள்விப்பட்டு, வருத்தம்கூடப் பட்டிருந்தேன். மற்றவர்களுடையது தார்ப்பாயைக் காற்று பிய்த்ததால் போனது, அவனுடையது என்னால் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

உப்பளத்தில் பாத்தி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் அம்பாரம் இருந்த இடத்தில் முட்டிக்குக் கீழே அழுக்குப் பழுப்பில் ஒரு மேடு. அதன் பக்கத்தில் அவன் மண்வெட்டியோடு நின்றிருந்தான். காரைப் பார்த்ததும் அவன் பார்வை முதலில் கூரைக்குத்தான் போனது.

"இந்தக் காத்துல ஏன்டா இதை எடுத்துக்கினு வந்த? ஏற்கனவே போதாதா?"

"ஏன்டா அப்படிப் பண்ணின?" என்று கேட்டேன்.

அவன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். "உன் வீட்டுக் கொட்டாய் பறக்குறதப் பாத்தேன். அந்த நேரத்துக்குக் கைக்கு அதுதான் கெடச்சுது. உப்பு மாசி, பங்குனியில திரும்ப வெளயும்டா. உன் டப்பாவ இனிமே எவன் செய்யப் போறான்?"

இத்தனை வருடம் அந்தக் காரைத் திட்டியவன் அவன்தான். சாவியை எடுத்து அவனிடம் நீட்டினேன். நான் வாங்கிய நாள் முதல் அவன் ஒருமுறைகூட அதை ஓட்டியதில்லை, கேட்டதும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினான். ஹேண்டில் கியர் பிடிபடாமல் இரண்டு முறை எஞ்சினை அணையவிட்டான். மூன்றாவது முறை வண்டி குலுங்கி நகர்ந்து, கரைமேல் ஒரு நடை போய்த் திரும்பி வந்தது. முக்கோணக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தான். ஏசி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கியதும் நேராக உப்பளத்துக் கொட்டகைக்குப் போனான். வேலைக்கு வந்தவர்கள் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே கேன் தண்ணீரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, கொப்புளம் விட்ட கூரைமேல் ஊற்ற ஆரம்பித்தான்.

"டேய், குடிக்கிற தண்ணிடா அது! உனக்கு?"

"கழுவாம அனுப்புவனா?" என்றான். கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு, காலிக் கேனைக் கீழே வைத்தான். "எனக்குத் தாகமாத்தான் இருக்குது. டீக்கடைக்குப் போலாம், வா."