தொடாத கேசரி

எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். யார் வீட்டிலும் இது வேண்டாம், அது ஆகாது என்று சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு வருடமாகக் கோதுமை எனக்கு எதிரி. சீலியாக் என்றார் டாக்டர். ரவை, மைதா ஒரு வாய் போனாலும் குடல் புண்ணாகிவிடும்.

போன ஞாயிறு மகனோடு பேரனுக்குப் பெண் பார்க்கச் சேக்காடு போனோம். கேசரியும் சமோசாவும் வந்தன. தட்டைத் தொடாவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நோயைச் சொன்னால் பரம்பரை நோய் என்று பின்வாங்குவார்கள். முந்தானையை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பெண்ணின் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "இன்னா பெரியம்மா, எங்க ஊட்டுல கை நனைக்க மாட்டீங்களா?"

கதவோரம் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"உம் பொண்ணு தங்கம்தாம்மா. கோதுமதான் எனக்கு ஆவாது, கொடல் நோவு. சோறு கீதா? தயிர் ஊத்திக் குடு, துன்றேன்."

அந்த அம்மா சோறு போட்டாள். நான் சாப்பிடும்போதே கேட்டாள்: "இது புள்ளைங்களுக்கும் வருமா?"

"வந்தாலும் வரும்" என்றேன்.

திரும்பும் வழியில் பாடி மேம்பாலத்தில் என் மகன் வெடித்தான். "ஏம்மா, ஒரு வாய் துன்னுட்டு ரெண்டு நாள் வலிச்சிக்கினு கெடந்தா இன்னா?"

பெண் வீட்டிலிருந்து இன்னும் போன் வரவில்லை. வாசல் கேட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஏ பேத்தி, இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, அதைப் படி. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன 'வந்தாலும் வரும்' காதுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கிறேன்.