கழற்றக் கூடாத ஒயர்

ராஜபாளையத்து டீக்கடைக்காரர் ஒருவர், வெளியூர் போன மகனின் எலக்ட்ரிக் பேஸ் யுகுலேலியை, குட்டி கிட்டார் மாதிரி இருக்கும் அதை, இசைக்கருவி பழுதுபார்க்கும் என்னிடம் கொண்டுவந்தார். சட்டையெல்லாம் பால் கறை. ஒரு கம்பி ஒலிக்கவில்லை, பேட்டரியும் நிற்கவில்லை. கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் விலகியிருந்தது; அதைச் சரியாக உட்காரவைத்தேன், ஒலித்தது.

"வாசிக்காதப்ப ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டணும். மாட்டியே வச்சா பேட்டரி தீரத்தான் செய்யும். இது எல்.கே.ஜி. பாடம்வே."

"அவ எப்பக் கூப்பிடுவாளோன்னு தெரியாம எப்ப சார் கழட்ட? வீட்டுக்காரி படுத்த படுக்கை. ஒத்த விரல்தான் அசையுது. இந்த ரப்பர் கம்பியத் தொட்டா, முன்னால கடையில இருக்க ஸ்பீக்கர்ல எனக்குக் கேக்கும்."

"காலிங் பெல் வைக்கலாமே?"

"அமுக்கத் தெம்பில்ல சார்."

கருவியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "போன வாரம் பேட்டரி செத்துப்போச்சு. அவ தொட்டுக்கிட்டேதான் இருந்திருக்கா. நல்லாத் தூங்குதான்னு நெனச்சு நான் டீ ஆத்திக்கிட்டிருந்தேன்."

இப்போது அவர் கடைக்குப் போனால், உள்ளிருந்து அந்தக் கம்பியின் சத்தம் வரும்வரை எனக்கு டீ இறங்குவதில்லை.