நாகமணியின் இரண்டு விரல்கள்

இழையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டுகிறார் நாகமணி. கஞ்சி பிடித்திருந்தால் ஒரு தலையசைப்பு. இல்லையென்றால் தறியில் நீளவாக்கில் ஏறும் பாவு நூல் முழுவதும் மறுபடி கஞ்சி தடவ வேண்டும். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் யார் பாவு விரித்தாலும் பதம் பார்க்க இவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

விரல்கள் தெருவோடு நிற்பதில்லை. பஸ் டிக்கெட்டை உருட்டுவார். கண்டக்டரின் சட்டைக் கையையும் விடமாட்டார். "மில்லு துணிண்ணே, ரெண்டு தண்ணி கண்டா போச்சு." வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

கணவர் திம்மையாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். போன மாதம் மதுரை டாக்டரம்மா விளக்கினார்: அந்தச் செல்கள் மியூசின் என்ற கொழகொழப்பான புரதத்தை அளவுக்கு மீறிச் சுரந்து தங்கள் மேல் பூசிக்கொள்கின்றன, மருந்து உள்ளே போவது சிரமம்.

நாகமணி சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப அது கஞ்சி போட்ட இழை. லேசுல அறாது."

டாக்டரம்மா சிரித்துத் தலையாட்டியதுதான் வினை. அன்றிலிருந்து திம்மையாவுக்குக் கஞ்சி கிடையாது. வெண்டைக்காயும் கிடையாது. இட்லியும் வறுகடலையும்தான். கஞ்சி தவிர வேறெதுவும் அவருக்கு இறங்காது. ஆள் பாதியானார், கிண்டல் மட்டும் குறையவில்லை. பக்கத்து வீட்டுக் குருவம்மாளிடம் முறையிட்டார்: "பாரு தாயி, நோயக் கொல்ல என்னையப் பட்டினி போடுறா."

"இவுகளுக்கு நாக்குலதான் நோவு" என்றார் நாகமணி.

இந்த வாரம் எடை பார்த்த டாக்டரம்மா திடுக்கிட்டார். விவரம் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தப் பூச்சு செல்லு தானாச் சுரக்குறதும்மா. சாப்பாட்டுல வர்றதில்ல. கஞ்சி குடுங்க. ஒடம்புல தெம்பு இருந்தாத்தான் ஊசி போட முடியும்."

திரும்பும் பஸ்ஸில் காரியாபட்டி தாண்டியும் நாகமணி எதையும் உருட்டவில்லை. டிக்கெட் மடியிலேயே கிடந்தது. திம்மையாதான் பேசினார். "விடு. ஊருக்கெல்லாம் கஞ்சி போட்டவ, ஒரு மாசம் லீவு எடுத்துக்கிட்ட."

வீட்டுக்கு வந்ததும் நாகமணி அடுப்பு மூட்டினார். குழைந்த கஞ்சியைத் தொட்டு உருட்டிப் பார்த்தார். பாவுக்குச் சரியான பதம், தொண்டைக்குத் தடிப்பு. வெந்நீர் ஊற்றினார், உருட்டினார், மறுபடி ஊற்றினார். விரல்களில் ஒட்டாமல் அது நழுவிய பிறகுதான் தலையசைத்து, கிண்ணத்தைக் கணவரின் உதட்டருகே கொண்டுபோனார்.