குகைக்குள் தேடிய ஒரு மதிப்பெண்

காலை பத்து மணி பத்து நிமிடம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறலும் விழுந்தது. மொரீஷியஸ் தீவில், எரிமலைக் குழம்பு ஓடி உண்டான சுரங்கம் ஒன்றின் வாயிலில் நின்றேன். பார்க்காத இடங்களைப் பார்த்தவள்போல் விளக்குவதே புவியியல் ஆசிரியையின் பிழைப்பு. கரும்பலகையில் பாலைவனமும் பனிமலையும் வரைந்து காலம் தள்ளும் சக ஆசிரியர்கள் என் சங்கடத்தை அறிவார்கள்.

சிவப்பு மை

பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு இந்தச் சுரங்கங்களை நடத்தியிருந்தேன். வழிந்தோடும் குழம்பின் மேற்பரப்பு உறைந்து ஓடாகும். உள்ளிருப்பது வடிந்துபோனதும் வெற்றுக் குழாய் மிஞ்சும். பாடநூல் சொன்னது அவ்வளவுதான். "உள்ளே இன்றும் அனலடிக்கும்" என்பது என் சொந்தச் சேர்க்கை. காலாண்டுத் தேர்வில் 'குளிர்ச்சியாக இருக்கும்' என்று எழுதிய மேலப்பாளையத்துச் சபீனாவுக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் அவள் முதலிடத்தை இழந்தாள். விடைத்தாளோடு வந்து நின்றாள்.

"டீச்சர், குழம்பு வடிஞ்சு எத்தனையோ காலமாச்சே. எங்க உம்மா காலைல இறக்கி வச்ச சோறே மத்தியானத்துக்குள்ள ஆறிப்போயிருதே?"

வாசலில் செருப்பு

அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டிருந்தபோதுதான், மொரீஷியஸில் ஆயத்த ஆடை ஆலையொன்றில் பணிபுரிந்த என் தம்பி டிசம்பர் விடுமுறைக்கு எங்களை அழைத்தான். என் கணவர், அவருடைய அக்காவான என் மதினி, நான் என மூவரும் போனோம்.

தம்பி விளக்கோடு முன்னே இறங்கினான். எங்கள் ஊர்ப் பக்கம் நாங்கள் நுழைந்த குகை ஒவ்வொன்றிலும் ஒரு சுவாமி இருந்திருக்கிறார். ஆகவே மூவரும், ஒருவரையொருவர் கேட்காமலே, செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினோம். எரிமலைப் பாறை கண்ணாடிச் சில்லுபோல் கிழிக்கும் என்று பாடம் நடத்தியவளும் அந்த மூவரில் ஒருத்தி. திரும்பிப் பார்த்த தம்பி கத்தினான்: "ஏ அக்கா, இங்கன சாமியுமில்ல, பூசாரியுமில்ல! அங்கனயே நில்லுங்க, காலு கிழிஞ்சிரும்!"

மதினி விடவில்லை. "தம்பி, இம்புட்டுப் பெரிய குகைல சாமி இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்லுதீய?"

பாதத்தின் சாட்சி

தம்பி செருப்பை எடுத்துவருவதற்குள் எங்கள் கால்கள் கிழிந்திருந்தன; என் பாதங்கள் உண்மையையும் சொல்லிவிட்டன. பாறை சில்லென்றிருந்தது. வாயிலருகே அப்படித்தான் இருக்கும், உள்ளே அனல் கிடைக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேலும் நடந்தேன். சற்றைக்கொரு முறை சுவரைத் தொட்டேன். தொடத் தொடக் குளிர்ச்சி கூடியது. கூரை தாழ்ந்து வழி அடைபட்ட இடத்தில், காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையையும் வைத்துப் பார்த்தேன். உள்ளே வெக்கையாக இருக்கும் என்ற என் சொல்லை நம்பிச் சால்வையைக் காரிலேயே விட்டுவந்த என் கணவர், கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்.

"சூடா இருக்கும்னுல்லா சொன்ன? விடியக்காலத்துப் படித்துறை மாதிரில்லா குளிருது!"

திருத்தம்

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று சபீனாவின் விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, வகுப்பின் முன் என் தவற்றைச் சொல்லி, மதிப்பெண்ணைச் சேர்த்தேன். முதலிடம் அவளுக்குத் திரும்பியது. கடல் கடந்து, கால் கிழிந்து, சுவரைத் தொட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் விவரித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"ஆனா டீச்சர், நான் போய்ப் பாக்காமலேதானே எழுதினேன்?"

மறுநாள் காலை என் கணவர் பாதத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டு அலுவலகம் போனார். மதினி, சுவாமி இல்லாத குகையிலிருந்து எடுத்துவந்த கல்லுக்குத் திருநீறு பூசினார். சபீனா முதல் வரிசையின் நடுவில் வந்து அமர்ந்தாள். நானோ, "துருவப் பனியை நான் பார்த்ததில்லை" என்று ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.